வராமல் போன சான்றிதழ்

தமிழில் 'விவசாயி' என்ற சொல்லுக்குப் பால் கிடையாது. இலக்கணப்படி அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுப்பெயர். ஆனால் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கண்ணை மூடி ஒருவரை நினைத்துப் பாருங்கள் என்று முதலாமாண்டு மாணவிகளிடம் சொன்னால், வகுப்பு முழுவதற்கும் தலைப்பாகை கட்டிய ஓர் ஆண்தான் வந்து நிற்கிறார். ஆண்டுதோறும் இதைச் செய்து பார்க்கிறேன். அந்த நேரத்தில் அவர்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் யாரோ ஒருவருடைய வயலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், "கூலிக்குப் போறாங்க மேடம்" என்பார்கள். விவசாயம் செய்கிறார் என்று இதுவரை ஒருத்திகூடச் சொன்னதில்லை.

முனைவர் பட்டத்துக்காகச் சிற்றிலக்கியங்களோடு சில ஆண்டுகள் குடியிருந்தவள் நான். முக்கூடற்பள்ளில் நெல்வகைகள், மாட்டு வகைகள், ஏர்க்கருவிகளின் பெயர்கள் என்று ஒரு வேளாண் களஞ்சியமே இருக்கிறது. பட்டியலை ஒப்பிக்கிறவன் பள்ளன். கேட்டுக்கொள்கிறவர் பண்ணைக்காரர். எந்த வயலுக்கு எந்த விதை என்பது ஒருவனுக்குத் தெரியும், வயல் இன்னொருவருடையது. நாற்று நடுகிற பள்ளிகள் அந்த இலக்கியத்தில் சக்களத்திச் சண்டைக்கும் நகைச்சுவைக்கும் பயன்படுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் பட்டியலிடச் சொல்லிக் கேட்கவில்லை. அறிவு ஓரிடத்திலும் உடைமை வேறிடத்திலுமாக இருப்பது நமக்குப் பழைய செய்தி. அது இன்று புதிய வேடம் போட்டு, வேலைவாய்ப்பு என்ற பெயரில் என் வகுப்பறைக்கு வந்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் பெயரில் சாகுபடியாகும் நிலக் கைப்பற்றுகள் மொத்தத்தில் 14 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. கிராமப்புறத்தில் வேலை செய்யும் பெண்களிலோ ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். தமிழ்நாடு 1989இலேயே மகளுக்குச் சொத்தில் சம பங்கு என்று சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. ஆனால் பத்திர அலுவலகத்துக்குப் போகும் வழியில் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்ற ஒரு வாக்கியம் இரண்டு சட்டங்களையும் மறித்து நிற்கிறது. தலித் பெண்களைப் பொறுத்தவரை அந்தச் சண்டை போடக்கூட இடமில்லை. அப்பனுக்கே நிலமில்லாத வீட்டில் மகள் எதில் பங்கு கேட்பாள்?

இந்த நிலையை மாற்ற ஒரு சான்றிதழ் வந்திருக்க வேண்டியது. எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 'பெண் விவசாயிகள் உரிமை மசோதா, 2011' என்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும், வேளாண் வேலை செய்கிற பெண் விவசாயிதான் என்பது அதன் அடிப்படை. கிராம சபையின் ஒப்புதலோடு ஊராட்சி அவளுக்குப் 'பெண் விவசாயி' என்று சான்றிதழ் தர வேண்டும் என்றது அது. அதைக் காட்டி அவள் கடன் கேட்கலாம், தண்ணீர் உரிமை கேட்கலாம். 2013இல் அவருடைய பதவிக்காலம் முடிந்ததோடு மசோதாவும் காலாவதியானது. அதற்காக யாரும் சாலை மறியல் செய்ததாக நினைவில்லை.

அந்தச் சான்றிதழ் வராத நாட்டில் இன்னொரு சான்றிதழ் நன்றாகவே விற்கிறது.

பெர்மாகல்ச்சர் என்ற சொல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் பிறந்தது. பில் மாலிசன் என்ற ஆசிரியரும் டேவிட் ஹோல்ம்கிரென் என்ற மாணவரும் சேர்ந்து எழுதிய முதல் புத்தகம் 1978இல் வந்தது. நிரந்தர வேளாண்மை என்ற பொருளில் தொடங்கி, பிறகு நிரந்தரப் பண்பாடு என்று விரித்துக்கொண்டார்கள். தமிழ் ஆசிரியைக்கு இங்கே ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. பண்படுத்துவது நிலத்தையும்தான், மனத்தையும்தான். நம் 'பண்பாடு' அதை முன்பே சொல்லி வைத்திருக்கிறது. காட்டைப் பார்த்து, காடு போலவே தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் தோட்டத்தையும் வாழ்வையும் திட்டமிடுவது இதன் சாரம். நீரை ஓடவிடாமல் நிறுத்துவது, மண்ணை மூடி வைப்பது, ஒரு செடியின் கழிவை இன்னொன்றின் உணவாக்குவது. இதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. இரசாயனத்தால் மலடாகிப்போன மண்ணைப் பார்த்தவர்கள் இதை எளிதில் கேலி செய்துவிட முடியாது.

இதைக் கற்பிக்க 72 மணி நேரப் பாடத்திட்டம் ஒன்று உண்டு. முடித்தால் வடிவமைப்பாளர் சான்றிதழ். இது பல்கலைக்கழகப் பட்டமல்ல, உலகம் முழுவதற்கும் ஒரே அதிகார அமைப்பும் இதற்கு இல்லை. சான்றிதழ் பெற்றவர் பிறருக்குக் கற்பிக்கலாம், அவர்கள் இன்னும் சிலருக்குக் கற்பிக்கலாம் என்று விதை பரவுவதுபோலப் பரவட்டும் என்பதுதான் தொடக்ககால நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். படித்து முடித்தவருக்குக் கையில் காசு பார்க்கச் சுலபமான வழி, அடுத்தவருக்குப் பாடம் நடத்துவதாக ஆகிவிடுகிறது. கத்தரிக்காய் விற்றுக் கிடைப்பதைவிடக் கத்தரிக்காய் வளர்ப்பதைப் பற்றிப் பேசினால் அதிகம் கிடைக்கும்.

என்னிடம் முதுகலை படித்த ஒரு மாணவி போன ஆண்டு இப்படியொரு பயிற்சிக்குப் போனாள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம், தலித் குடும்பம். தமிழ் எம்.ஏ. முடித்த பெண்ணுக்கு முன்னால் இருக்கும் கதவுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். தனியார் பள்ளி, ஜவுளிக்கடை, போட்டித் தேர்வு, கல்யாணம். அவள் ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். 12 நாள், தங்கிப் படிக்க வேண்டும், 28,000 ரூபாய். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அந்தக் கட்டணம் 83 நாள் கூலி. அவளுடைய அம்மா களை எடுக்கப் போனால் கிடைப்பது 300 தான் என்பதால், அவர்கள் வீட்டுக் கணக்கில் அது இன்னும் கூடுதல்.

திரும்பி வந்தவள் கேட்டது இது: "மேடம், வரப்புல உளுந்து போடறது, ஓரத்துல ஆமணக்கு வைக்கறது, ஆவாரம் தழைய மிதிச்சு விடறது, தொவரைக்குச் செம்மண்ணு கட்டிக் காய வைக்கறது, எல்லாமே எங்கம்மா செய்யறதுதான். அங்க அதுக்கெல்லாம் ஒவ்வொரு பேரு வச்சிருக்காங்க. பேரத் தெரிஞ்சுக்கறதுக்கா எங்கம்மா தோட்டக் கழட்டுனாங்க?"

பேர் தெரிவது சின்ன விஷயமல்ல என்று ஒரு மொழியாசிரியை சொல்லியாக வேண்டும். சம உயரக் கோட்டில் வாய்க்கால் வெட்டுவது எப்படி, அதற்கு மட்டம் பார்ப்பது எப்படி, ஒரு நிலத்தின் வரைபடத்தைத் தாளில் போட்டு அடுத்தவருக்கு விளக்குவது எப்படி என்பதெல்லாம் அவள் அங்கேதான் கற்றாள். அம்மாவுக்கு அவை தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு நிலம். மகள் கற்றுக்கொண்டது எந்த நிலத்தையும் கேள்வி கேட்கும் முறை. இரண்டும் வேறு வேறு அறிவு. பாட்டிக்கு எல்லாம் தெரியும், பயிற்சி எல்லாம் ஏமாற்று என்று ஒரே போடாகப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்பவர்கள் பாட்டிக்கு இதுவரை எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆனாலும் அவளுடைய கேள்வியில் அறம் சார்ந்த சிக்கல் ஒன்று இருக்கிறது. இப்போது அவள் மாதத்தில் சில நாட்கள் நகரத்து மாடித்தோட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருகிறாள். ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். அவள் சொல்லித் தருவதில் பாதி அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது. அதே நாளில் அம்மாவுக்கு 300. இது அநியாயமா? அநியாயம் என்றால் யார் செய்தது?

மகள் திருடவில்லை. அம்மாவின் அறிவு மகளுக்கு வருவது வாரிசுரிமை. நிலமுள்ள வீட்டில் பையனுக்கு நிலம் வரும்போது நாம் அதைத் திருட்டு என்பதில்லை. இந்த வீட்டில் கைமாறத்தக்க சொத்து இது ஒன்றுதான் இருந்தது. அது அம்மாவிடமிருந்து பெண்ணுக்கு வந்திருக்கிறது. வாங்கிக்கொள்கிற நகரத்தாரும் தவறு செய்யவில்லை. கற்றுத் தருகிறவருக்குக் காசு தருகிறார்கள், அவ்வளவுதான். தவறு வேறிடத்தில் இருக்கிறது. ஒரே அறிவு கையில் இருக்கும்போது கூலியாகவும் வாயில் இருக்கும்போது கட்டணமாகவும் மதிப்பிடப்படுகிறதே, அந்த மதிப்பீட்டில். குனிந்து செய்கிற வேலையைவிட நிமிர்ந்து சொல்கிற வேலை உயர்ந்தது என்பது நமக்குச் சாதி கற்றுக்கொடுத்த கணக்கு. பயிற்சி மையங்கள் அதை உருவாக்கவில்லை. ஆனால் அதன்மேல்தான் அவை கட்டப்பட்டிருக்கின்றன.

இங்கே பலர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். விதையும் அறிவும் பொதுச்சொத்து, அதை யாரும் விற்கவே கூடாது, அன்பாகப் பகிர வேண்டும் என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். இந்த உபதேசம் எப்போதும் யாரை நோக்கி வருகிறது என்று பாருங்கள். மருத்துவரிடமோ வழக்குரைஞரிடமோ இதை யாரும் சொல்வதில்லை. ஊர் முழுக்கப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு ஒரு படி நெல்லும் பழைய புடவையும் போதும் என்று நினைத்தவர்கள், அந்த வேலை ஆஸ்பத்திரிக்குள் போனதும் கேட்ட தொகையைக் கட்டினார்கள். கொடுக்கிறவளாக இருப்பதே பெண்ணின் இயல்பு என்று சொல்லிச் சொல்லித்தான் அவளுடைய உழைப்பு இலவசமாக்கப்பட்டது. ஆகவே பெண்ணின் மண்ணறிவுக்கு விலை வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. யாருக்கு அந்த விலை போய்ச் சேருகிறது என்பதில்தான் என் சண்டை.

பெர்மாகல்ச்சர் தனக்கென்று மூன்று அறங்களைச் சொல்கிறது. பூமியைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மூன்றாவதாகப் பங்கீடு. இந்த மூன்றாவதை இன்று 'நியாயமான பங்கு' என்று அழகாகச் சொல்கிறார்கள். 1988இல் வந்த மாலிசனின் பெரிய கையேட்டில் அது வேறு மாதிரி இருந்தது: மக்கள்தொகைக்கும் நுகர்வுக்கும் வரம்பு விதித்தல். மக்கள்தொகைக்கு வரம்பு என்ற சொற்றொடரை ஒரு பெண்ணால் சும்மா கடந்துபோக முடியாது. அந்த வரம்பு எந்த உடம்பில் விதிக்கப்படும்? நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக் கருத்தடை செய்து ஆட்சியே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு இந்தியக் குடும்பநலத் திட்டத்தின் கத்தி பெரும்பாலும் பெண்ணின் வயிற்றைத்தான் தேடிவந்தது. பூமியைக் காப்பாற்றும் எந்தத் தத்துவத்தையும் படிக்கும்போது, காப்பாற்றும் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

வடிவமைப்புப் பாடத்தில் நிலத்தை வட்டம் வட்டமாகப் பிரிப்பார்கள். நடுவில் சுழிய வட்டம், அதாவது வீடு. அடிக்கடி கைபடும் கீரையும் கறிவேப்பிலையும் வீட்டை ஒட்டிய முதல் வட்டத்தில். எப்போதாவது போகும் மரங்கள் மூன்றாவது, நான்காவதில். மனிதர் தலையிடாத காடு ஐந்தாவதில். ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்க வேண்டும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு இது, அறிவுள்ள கணக்கு. ஆனால் நடப்பது யார் என்று படத்தில் இல்லை. சுழிய வட்டத்துக்குள் அடுப்பு இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, படுத்த படுக்கையான மாமியார் இருக்கிறார். மற்ற ஐந்து வட்டங்களும் இயங்குவதற்கான தெம்பு அங்கேதான் சமைக்கப்படுகிறது. பயிற்சி நடக்கும் பண்ணையிலும் அதே படம்தான். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் மனிதரைப் பேணுவது பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்கட்டில் பக்கத்து ஊர்ப் பெண்கள் மூன்று பேர் நாற்பது பேருக்குச் சிறுதானியப் பொங்கல் கிண்டிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தானியத்தைப் புடைத்து, கல் பொறுக்கி, எந்த மண்ணில் விளைந்தது என்று கையில் அள்ளியதும் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம். "அவங்களும் வட்டத்துல உக்காந்திருக்கலாமே மேடம்" என்றாள் என் மாணவி. உட்கார்ந்தால் பொங்கல் யார் கிண்டுவது?

சாதியைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. சாணத்தைக் கையால் பிசைவது, மட்கும் கழிப்பறையின் எருவைத் தோட்டத்துக்கு எடுப்பது, இவையெல்லாம் பயிற்சியில் மனத்தடையை உடைக்கும் தருணங்கள். நகரத்துப் பிள்ளைகள் முதலில் முகம் சுளித்து, பிறகு சிரித்து, பிறகு படம் எடுத்துக்கொள்வார்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 2013இல் இரண்டாம் முறையாகச் சட்டம் போட வேண்டியிருந்த நாட்டில், அந்தத் தருணம் எல்லோருக்கும் ஒரே தருணமாக இருக்காது. சாணிக்கூடை தலையிலிருந்து இறங்கட்டும் என்றுதான் அவளுடைய அம்மா அவளைப் படிக்க வைத்தார். "மண்ணு வேணாம்னுதானே டீச்சர் இவ்ளோ பாடுபட்டேன். மறுபடியும் அதுக்கே காசு கட்டிப் போறேங்கறா" என்று என்னிடமே வருத்தப்பட்டார். கணினி வேலையை விட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்பியவரைப் பற்றி வார இதழ்கள் எழுதுகின்றன. மண்ணைவிட்டு வெளியேற மூன்று தலைமுறை ஆன ஒரு குடும்பத்துக்குத் 'திரும்புதல்' என்ற சொல் எப்படிக் கேட்கும்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ மறுத்துப் பேசியதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. நான் நிலமுள்ள சாதியில் பிறந்தவள். எங்கள் வயலில் நடவு நட்டவர்கள் எங்கள் வீட்டுப் பெண்களல்லர். மண்ணின் மேல் எனக்குள்ள ஏக்கத்தை அந்த அம்மாவின் தலையில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

அப்படியானால் இந்தப் பாதையே வேண்டாமா? வேண்டும். வரிசையை மாற்ற வேண்டும். மாற்றிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

தெலங்கானாவில் சகீராபாத் பக்கம், அன்று மேதக் மாவட்டம், வறண்ட செம்மண் பூமி. 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கம் அங்கே பெண்களின் சங்கங்களைக் கட்டியது. சுமார் 75 கிராமங்கள், 5,000 பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். மாலிசன் 1980களில் இந்தியாவுக்கு வந்து பாடம் நடத்தியபோது அவரை இந்த மண்ணோடு இணைத்தவர்களும் இந்த வட்டாரத்தில் இருந்தவர்களே. ஆனால் அந்தப் பெண்களின் கதை ஒரு வகுப்பிலிருந்து தொடங்கவில்லை. தரிசாகக் கிடந்த நிலத்தைச் சீர்திருத்துவதிலும், கூட்டாகக் குத்தகைக்கு எடுப்பதிலும், அதில் என்ன விதைப்பது என்று தாங்களே முடிவு செய்வதிலும் தொடங்கியது. சோளம், தினை, துவரை, கொள்ளு என்று ஒரே நிலத்தில் பலவற்றைக் கலந்து விதைத்தார்கள். விதையை வீட்டில் வைத்து, கேட்டவளுக்குக் கொடுத்து, அறுவடையில் கூடுதலாகத் திரும்ப வாங்கினார்கள். தங்கள் தானியத்தையே தங்கள் ஊர் ஏழைகளுக்குப் பங்கிடும் முறையை அமைத்தார்கள். படக்கருவியைக் கையில் எடுத்துத் தங்கள் வேளாண்மையைத் தாங்களே படம்பிடித்தார்கள். 2008இல் சொந்த வானொலி தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் எக்குவேட்டர் பரிசு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களிடம் கற்றுக்கொள்ள வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அங்கே நிலமும் முடிவெடுக்கும் உரிமையும் முதலில் வந்தன. ஆசிரியை என்ற பெயர் அதன்பின் தானாக வந்தது. நம் பயிற்சி மையங்களில் சான்றிதழ் முதலில் வருகிறது, நிலம் கடைசிவரை வருவதில்லை.

அரசும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு இயற்கை வேளாண்மையில் பயிற்சி கொடுத்து 'கிருஷி சகி' என்று பெயரிட்டு, 2024 ஜூனில் 30,000க்கும் மேற்பட்டோருக்குச் சான்றிதழ் வழங்கினார்கள். ஊரில் இருக்கும் பெண்ணையே ஊருக்கு ஆலோசகராக்குவது சரியான யோசனை. ஆனால் ஊதியம்? ஆண்டுக்குச் சராசரியாக 60,000 முதல் 80,000 ரூபாய்வரை ஈட்டலாம் என்றது அறிவிப்பு. மாதத்துக்கு 5,000 முதல் 6,700 ரூபாய் வரை, அதுவும் சம்பளமாக அல்ல, செய்யும் வேலைக்கு வேலை கிடைக்கும் தொகையாக. ஆஷாப் பணியாளருக்கு ஊக்கத்தொகை, அங்கன்வாடிப் பணியாளருக்கு மதிப்பூதியம், கல்லூரியில் எங்களோடு அதே பாடம் நடத்தும் தற்காலிகத் தோழிகளுக்குக் 'கௌரவ' விரிவுரையாளர் என்ற பெயர். பெண்கள் நிறையும் வேலைகளில் மதிப்பும் கௌரவமும் சொல்லிலேயே கொடுத்துத் தீர்க்கப்படுகின்றன. சம்பளம் என்ற பச்சையான சொல்லுக்கு நாம் திரும்ப வேண்டும்.

இந்தத் துறைக்குப் போக நினைக்கும் மாணவிகளை நான் தடுப்பதில்லை. போகும் முன் சிலவற்றைக் கேட்கச் சொல்கிறேன். பயிற்சி முடிந்ததும் பண்ணையிலேயே 'பயிலுநராக' இருக்கச் சொல்வார்கள். எத்தனை மாதம், எவ்வளவு பணம், எழுத்தில் உண்டா? சாப்பாடும் தங்குமிடமும் ஊதியமாகாது. அனுபவத்தை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இரவில் தங்கும் இடத்துக்குத் தாழ்ப்பாள் உண்டா? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்காது, புகாரை மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பண்ணைகள் இந்த வகையில்தான் வரும் என்பதால், அந்தக் குழு எங்கே இருக்கிறது என்பதை மண்புழு உரம் பற்றித் தெரிந்துகொள்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உன்னை எந்த நிலத்துக்காகத் தயார் செய்கிறார்கள்? வார இறுதிப் பண்ணை வாங்கும் சென்னைக்காரரின் ஐந்து ஏக்கருக்கு உணவுக்காடு போட்டுக்கொடுக்கவா? அதுவும் வேலைதான், செய்யலாம். ஆனால் அதைச் சுற்றுச்சூழல் புரட்சி என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்க வந்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

என் மாணவி வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தன் ஊரில் அம்மாவோடு கூலிக்குப் போகும் பதினோரு பெண்கள் சேர்ந்து கோயில் நிலம் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்கிறாள். நிலவரைபடம் அவள் போடுவாள், எதை எங்கே விதைப்பது என்று அம்மா சொல்வார். ஏலத்தில் யார் குறுக்கே வருவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்களில் நான்கு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். தினக்கூலி போனால் குழுக்கடன் தவணை கட்ட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்.

இதற்கிடையே அவள் படித்த வகையைச் சேர்ந்த வேறொரு பண்ணையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அடுத்த பயிற்சியில் ஒரு நாள் அவள் பாடம் எடுக்க வேண்டும், 2,500 ரூபாய். கூடவே அம்மாவையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள், விதை பற்றி 'அனுபவப் பகிர்வு' செய்ய. அம்மாவுக்கு ஒரு பொன்னாடையும் மதிய உணவும் உண்டாம். என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டாள். அம்மாவைக் கேள் என்றேன்.

மறுநாள் அம்மாவே போனில் வந்தார். "டீச்சர், அன்னிக்கு ஒரு நாள் கூலி போயிடும். அங்க போயி வந்தா ரெண்டு நாளு. இவளுக்கு என்ன குடுக்கறாங்களோ அத எனக்கும் குடுக்கச் சொல்லி எழுதச் சொல்லுங்க. பொன்னாடை வேணாம், தோட்ட மீக்கணும்."

அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து 5,000 ரூபாய், போக்குவரத்துச் செலவு தனி. பெயர்களுக்குக் கீழே, அம்மாவின் பெயருக்கு நேராக, 'விவசாயி' என்று போட்டிருக்கிறாள். இதை எழுதி முடிக்கும்வரை பண்ணையிலிருந்து பதில் வரவில்லை.